ஒரே ஒரு தளம் சொல்லுங்கள், எப்போது போவீர்கள் என்பதையும் சேர்த்து

#1 தும்பி

"கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய 100 இணையதளங்கள்" என்று வரும் பட்டியல்கள் அலுத்துவிட்டன. எழுதியவரே அவற்றில் பத்தைக்கூடத் திறந்து பார்த்திருக்க மாட்டார் என்பது வாசித்தாலே தெரிகிறது. பாதி இணைப்பு செத்துக் கிடக்கும். மீதியெல்லாம் உள்ளே நுழையும் முன்பே மின்னஞ்சல் முகவரி கேட்கும்.

அதனால் இந்த இழைக்கு ஒரே விதி. ஒரு பதிவில் ஒரு தளம், அல்லது ஒரு பிரவுசர் கருவி. நீங்கள் நிஜமாகவே திரும்பத் திரும்பப் போகிற இடமாக இருக்க வேண்டும். அது என்னென்ன செய்யும் என்று விளம்பரம் மாதிரி அடுக்க வேண்டாம், உங்கள் கை எப்போது அங்கே போகிறது என்று சொல்லுங்கள். வெட்டிப்பொழுது தளங்களுக்கும் தடையில்லை.

நான் தொடங்கி வைக்கிறேன்: ரேடியோ கார்டன். 2016-இல் வந்தது. திரையில் பூமி உருண்டை, அதன்மேல் பச்சைப் புள்ளிகள். உருட்டி ஒரு புள்ளியில் நிறுத்தினால் அந்த ஊர் வானொலியில் இந்த நிமிடம் என்ன போகிறதோ அது கேட்கும். பாட்டுச் செயலிகள் என் ரசனையைக் கரைத்துக் குடித்துவிட்டு, போன வாரம் கேட்டதையே இந்த வாரமும் நீட்டுகின்றன. இங்கே என்னை யாருக்கும் தெரியாது. மணிக்கணக்கில் உட்கார்ந்து எண்களைச் சரிபார்க்கிற வேலை வந்தால், எனக்குச் சுத்தமாகப் புரியாத மொழியில் ஒரு பேச்சு நிலையத்தை ஓடவிடுவேன். ஆள் சத்தம் இருக்கும், கவனம் அதன் பின்னால் போகாது. பிரிட்டனில் இருப்பவர்களுக்கு மட்டும் உரிமச் சிக்கலால் 2022 முதல் வெளிநாட்டு நிலையங்கள் கிடைப்பதில்லை.

#2 பழையமோடம்

நல்ல விதி. ஆனால் இந்தப் பேச்சு வந்தால் ஸ்டம்பிள்அப்பானுக்கு ஒரு கும்பிடு போடாமல் நகர முடியாது. இளையவர்களுக்காக: உங்களுக்கு எதில் ஆர்வம் என்று சொல்லிவிட்டு ஒரு பொத்தானை அழுத்தினால், கேள்விப்பட்டேயிராத ஏதோ ஒரு பக்கத்தில் கொண்டுபோய் இறக்கிவிடும். பிடிக்கவில்லையா, மறுபடி அழுத்து. 2018 ஜூன் 30-இல் மூடிவிட்டார்கள். அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான காரெட் கேம்ப்தான் பின்னால் ஊபரையும் தொடங்கியவர்களில் ஒருவர்.

அது போன பிறகு அந்த இடம் காலியாகவே இருக்கிறது என்பது என் கருத்து. இன்றைய ஃபீடுகளும் புதிது புதிதாகக் காட்டுகின்றனதான், ஆனால் தங்கள் வளாகத்துக்குள்ளேயே சுற்ற வைக்கின்றன. ஸ்டம்பிள்அப்பான் நம்மை வெளியே துரத்தியது.

சரி, என் தளம்: மார்ஜினாலியா தேடுபொறி. ஸ்வீடனைச் சேர்ந்த ஒருவர் தனியாளாகத் தொடங்கியது. மற்ற தேடுபொறிகள் மேலே தூக்கி வைக்கும் பக்கங்களை இது கீழே தள்ளும். விளம்பரமும் ஸ்கிரிப்டும் குறைவாக, எழுத்து நிறைய உள்ள சின்னச் சின்னத் தனியார் பக்கங்களுக்கே இங்கே முன்னுரிமை. பழைய கேமரா லென்ஸைக் கழற்றிச் சுத்தம் செய்வது எப்படி என்று தேடினால், விற்பனைப் பக்கங்களைத் தாண்டி, யாரோ ஒரு பைத்தியக்காரர் கையாலேயே எச்டிஎம்எல் எழுதி, திருகு திருகாகப் படம் போட்டு வைத்திருக்கும் பக்கம் கிடைக்கும். ஆங்கிலத்தில் தேடினால்தான் பயன். இன்றைய செய்திக்கும் லாயக்கில்லை. "இதைப் பற்றி ஆசையோடு எழுதியவர் யாராவது உண்டா?" என்ற கேள்விக்கு மட்டும் நான் முதலில் போவது இங்கேதான்.

#3 அரைத்தூக்கம்

நீல் டாட் ஃபன். ஒரே ஆள், நீல் அகர்வால், செய்து குவித்திருக்கும் விளையாட்டுகள்.

அதில் ஆழ்கடல் பக்கம் ஒன்று. கீழே உருட்டிக்கொண்டே போக வேண்டும், அவ்வளவுதான். எந்த ஆழத்தில் எந்த உயிர் வாழ்கிறது என்று ஒவ்வொன்றாக வரும். வெளிச்சம் மங்கிக்கொண்டே போகும். டைட்டானிக் கிடக்கும் ஆழம் சுமார் 3,800 மீட்டர். அப்பாடா, அடி வந்துவிட்டது என்று நினைப்போம். உருட்டு பட்டையைப் பார்த்தால் பாதிகூட வந்திருக்க மாட்டோம்! மரியானா அகழியின் அடி கிட்டத்தட்ட 10,900 மீட்டர். எண்ணாகப் படித்தால் ஒரு வரி, விரலால் உருட்டினால் விரல் வலிக்கும்.

அப்புறம் 2023-இல் வந்த பாஸ்வேர்டு விளையாட்டு. முதலில் ஐந்து எழுத்து, ஓர் எண் என்று சாதுவாகத்தான் கேட்கும். பிறகு இலக்கங்களின் கூட்டுத்தொகை 25 வர வேண்டும், இன்றைய நிலவின் பிறை வடிவ எமோஜி வேண்டும், இந்தச் சதுரங்கப் பலகையில் சிறந்த நகர்வு எது என்று போகும். கடைசியில் பாஸ்வேர்டுக்குள் ஒரு கோழியை வளர்க்கச் சொல்வார்கள். அலுவலகத் தளம் ஏதாவது "ஒரு பெரிய எழுத்து, ஒரு குறியீடு" என்று படுத்தும் நாளில் போய் ஆடினால் மனசு ஆறும்.

#4 குறுக்குவழி

விதியை வளைக்கிறேன், மன்னிக்கவும். என் பதில் எந்தத் தளமும் இல்லை. முகவரிப் பட்டை.

எல்லாரும் புதிய தளம் தேடி அலைகிறார்கள், கண்ணெதிரே இருப்பதைப் பயன்படுத்துவதில்லை. பயர்பாக்ஸில் முகவரிப் பட்டையில் % குறி போட்டு ஓர் இடைவெளி விட்டு ஏதாவது தட்டுங்கள். திறந்திருக்கும் டேப்களுக்குள் மட்டும் தேடும். * போட்டால் புக்மார்க்கில், ^ போட்டால் வரலாற்றில். குரோமில் @ அடித்தாலே இந்த வசதிகள் பட்டியலாக விரியும். எண்பது டேப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரே பக்கத்தை நான்காவது தடவையாகத் திறக்கும் ஆட்களுக்கு இது ஒன்றே போதும்.

அடுத்த படி, நீங்கள் அடிக்கடி தேடும் தளத்தின் தேடல் பெட்டியை ஒரு குறுஞ்சொல்லில் கட்டிவிடுவது. பிரவுசர் அமைப்புகளில் தேடுபொறிகள் பகுதிக்குள் இருக்கும். நான் ஒற்றை எழுத்தும் ஒரு சொல்லும் அடித்தால் நேரே விக்கிப்பீடியா கட்டுரை. இன்னோர் எழுத்துக்கு அகராதி, இன்னொன்றுக்கு வரைபடம். டக்டக்கோ தேடுபொறியில் ஆச்சரியக்குறியில் தொடங்கும் இதே மாதிரிக் குறுஞ்சொற்கள் ஆயிரக்கணக்கில் தயாராகவே உண்டு.

இதைப் பழகிய பிறகு புக்மார்க் பட்டையே எனக்குத் தேவைப்படவில்லை.

#5 தும்பி

> குறுக்குவழி எழுதியது: புதிய தளம் தேடி அலைகிறார்கள்

கருவி என்றுதான் விதியில் இருக்கிறது, அதனால் செல்லும். ஆனால் தேடத் தெரிந்ததை வேகமாகத் தேடுவதும், இருப்பதே தெரியாத ஒன்றைக் கண்டுபிடிப்பதும் ஒன்றல்ல. உங்கள் முகவரிப் பட்டை முதல் வேலையை மட்டும்தான் செய்கிறது.

#6 நூலகப்பூனை

வேபேக் மெஷின், இணையப் பக்கங்களின் பழைய பிரதிகளைச் சேர்த்து வைக்கும் இடம். எல்லாருக்கும் தெரிந்ததுதான், ஆனால் பலர் அதைப் பழைய யாஹூ முகப்பு எப்படி இருந்தது என்று பார்த்துச் சிரிக்க மட்டுமே வைத்திருக்கிறார்கள்.

அதை நடத்தும் இன்டர்நெட் ஆர்க்கைவ் அமைப்பு 1996-இல் தொடங்கிச் சேகரித்ததை 2001-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். 2025 அக்டோபரில் சேமித்த பக்கங்கள் ஒரு லட்சம் கோடியைத் தொட்டன. இது ஏன் முக்கியம் என்பதற்கு பியூ ஆய்வு மையம் 2024-இல் ஒரு கணக்கு வெளியிட்டது: 2013-இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் பத்து ஆண்டு கழித்துத் திறக்கவில்லை. தும்பி சொன்ன செத்த இணைப்புகள் இவைதான்.

நான் அதிகம் பயன்படுத்துவது "இந்தப் பக்கத்தைச் சேமி" என்கிற பெட்டி. ஒரு கட்டுரையில் ஏதாவது பக்கத்துக்கு இணைப்புக் கொடுக்கும் முன் முகவரியை அங்கே ஒட்டி, அன்றைய நிலையில் ஒரு பிரதி எடுக்க வைத்துவிடுவேன். அறிவிப்புகள், விதிமுறைகள், வேலை விளம்பரங்கள் மாதிரி சத்தமில்லாமல் மாறிப்போகிறவற்றுக்கு இது நல்ல சாட்சி.

இதற்கு எக்ஸ்டென்ஷனும் (பிரவுசரில் கூடுதலாக நிறுவும் குட்டி நிரல்) வேண்டாம், ஒரு புக்மார்க்லெட் போதும். அதாவது முகவரி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வரி ஜாவாஸ்கிரிப்ட் எழுதி வைத்த புக்மார்க். அழுத்தும்போது மட்டும் வேலை செய்யும், மற்ற நேரத்தில் சும்மா கிடக்கும். அது எனக்குப் பிடித்த குணம்.

அந்த அமைப்பும் அசையாத பாறை இல்லை. 2024 அக்டோபரில் தாக்குதலுக்கு ஆளாகிச் சில நாள் திறக்கவே இல்லை, பயனர் கணக்கு விவரங்களும் கசிந்தன. ரொம்ப முக்கியமான பக்கம் என்றால் உங்கள் கணினியிலும் ஒரு பிடிஎஃப் பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

#7 புதுமழை

பிடிஎஃப் என்றதும் கேட்கத் தோன்றுகிறது. அடையாள ஆவணங்கள், சான்றிதழ்கள் என்று தனித்தனியாக இருக்கும் ஆறேழு கோப்புகளை ஒரே பிடிஎஃப் ஆக்க வேண்டும். தேடினால் முதல் பக்கம் முழுக்க இலவசத் தளங்கள். எதை நம்புவது?

#8 ஆறாம்விரல்

புதுமழை, கொஞ்சம் பொறுங்கள். அடையாள ஆவணம் என்றால் முதலில் கேட்க வேண்டியது "கோப்பு என் கணினியை விட்டு வெளியே போகிறதா?" என்பதுதான். நல்ல தளமா, கெட்ட தளமா என்பதெல்லாம் அப்புறம்.

ஒரே மாதிரி தோற்றமுள்ள இரண்டு வகைத் தளங்கள் இருக்கின்றன. ஒன்று கோப்பைத் தன் சர்வருக்கு எடுத்துப்போய், அங்கே வேலை பார்த்து, திருப்பித் தரும். இன்னொன்று நிரலை உங்கள் பிரவுசருக்கு அனுப்பிவிட்டு வேலையை உங்கள் கணினியிலேயே செய்யும். பிரவுசருக்குள்ளேயே கனமான நிரல்களை வேகமாக ஓட்டும் வெப்அசெம்பிளி வந்த பிறகு இது நன்றாகவே சாத்தியம். இரண்டிலும் "கோப்பை இங்கே இழுத்துப் போடவும்" என்ற அதே பெட்டிதான் இருக்கும். பார்வையில் வித்தியாசம் தெரியாது.

சோதிக்க எளிய வழி உண்டு. தளத்தைத் திறந்து முழுதாக ஏற விடுங்கள். பிறகு வைஃபையை அணைத்துவிடுங்கள். இப்போது முக்கியமில்லாத ஒரு கோப்பைப் போட்டுப் பாருங்கள். வேலை முடிந்து வெளியே வந்தால் அந்த வேலை உங்கள் கணினியில்தான் நடந்திருக்கிறது. சுற்றிக்கொண்டே நின்றால் சர்வர் வகை. நிஜக் கோப்பைப் போடும்போதும் இணைப்பை அணைத்தே செய்யுங்கள், முடிந்ததும் அந்த டேப்பை மூடிவிட்டுப் பிறகு இணையுங்கள். ஏனென்றால் இணைப்பு இல்லாமல் வேலை செய்யத் தெரிந்த தளம், இணைப்பு இருக்கும்போது எதையும் அனுப்பாது என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. ஆர்வமிருந்தால் எஃப்12 அழுத்தி நெட்வொர்க் பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு என்னென்ன போகிறது என்றும் பார்க்கலாம்.

இது வீண் பயம் இல்லை. இலவசக் கோப்பு மாற்றித் தளங்கள் சில மாற்றித் தரும் கோப்போடு தீநிரலையும் சேர்த்துத் தருகின்றன, அனுப்பிய கோப்பிலிருந்து தனிப்பட்ட விவரங்களையும் சுரண்டுகின்றன என்று அமெரிக்க எஃப்பிஐயின் டென்வர் அலுவலகம் 2025 மார்ச்சில் எச்சரித்தது.

உங்கள் வேலைக்குத் தளமே வேண்டாம். மேக் என்றால் பிரிவியூவிலேயே கோப்புகளைச் சேர்க்கலாம். விண்டோஸ் என்றால் பிடிஎஃப்24 கிரியேட்டரை நிறுவிக்கொள்ளுங்கள், அதன் இணையப் பதிப்பு வேண்டாம். லினக்ஸில் பிடிஎஃப் அரேஞ்சர்.

விதிப்படி என் ஒரு தளம்: ஸ்குவூஷ். 2018-இல் கூகுள் குரோம் குழுவினர் வெளியிட்டது. படத்தின் அளவைக் குறைக்க. நடுவில் ஒரு கோடு, இடப்பக்கம் மூலப் படம், வலப்பக்கம் சுருக்கியது. கோட்டை இழுத்து எங்கே கெடுகிறது என்று கண்ணாலேயே பார்த்து முடிவு செய்யலாம். வைஃபை சோதனையில் தேறும்.

#9 அரைத்தூக்கம்

படம் என்றால் போட்டோபியாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். போட்டோஷாப்பின் பிஎஸ்டி கோப்பை லேயரோடு பிரவுசரிலேயே திறக்கிறது, ஐவன் குட்ஸ்கிர் என்கிற ஒருவர் 2013 முதல் செய்துவருவது. படமும் வெளியே போவதில்லை. இந்த இழையில் வரும் நல்ல தளங்கள் பல ஒற்றை ஆள் வேலையாகவே இருப்பதைக் கவனித்தீர்களா?

#10 குறுக்குவழி

ஒற்றை ஆள் வேலை என்பதில் ஓர் ஆபத்தும் உண்டு, முக்கியமாக எக்ஸ்டென்ஷன்களில். தி கிரேட் சஸ்பெண்டர் நினைவிருக்கிறதா? பயன்படுத்தாத டேப்களைத் தூங்க வைத்து நினைவகத்தை மிச்சப்படுத்தும். எல்லாரும் பரிந்துரைத்த, திறந்த மூல நிரல். 2020-இல் அதை உருவாக்கியவர் முகம் தெரியாத யாருக்கோ கைமாற்றிவிட்டார். 2021 பிப்ரவரியில் தீநிரல் இருக்கிறது என்று கூகுள் அதை நீக்கியது. அதற்கு முன்பே, தளங்களின் தோற்றத்தை மாற்றும் ஸ்டைலிஷ் என்ற எக்ஸ்டென்ஷன், பயனர்களின் உலாவல் வரலாற்றைச் சேகரித்தது தெரியவந்து 2018-இல் நீக்கப்பட்டது.

தளம் கெட்டுப்போனால் நாம் போகாமல் இருந்துவிடலாம். எக்ஸ்டென்ஷன் நம்மோடு எல்லாத் தளத்துக்கும் வரும், நாம் தூங்கும்போது தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும். "எல்லா இணையதளங்களிலும் உள்ள உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும்" என்று அனுமதி கேட்டால், வங்கிப் பக்கமும் அதில் அடக்கம்.

#11 பழையமோடம்

அதற்காக எதுவுமே போடாமல் இருக்க முடியுமா? விளம்பரத் தடுப்பான் இல்லாமல் இன்று இணையத்தில் நடமாடுவதுதான் பெரிய ஆபத்து என்பேன். போலி டவுன்லோடு பொத்தான்களில் பாதி விளம்பரமாகத்தான் வருகிறது.

#12 குறுக்குவழி

மறுக்கவில்லை. என்னிடமும் யுபிளாக் ஆரிஜின் இருக்கிறது, பாஸ்வேர்டு மேலாளர் ஒன்று இருக்கிறது. அதற்குமேல் போட ஒவ்வொன்றுக்கும் காரணம் வேண்டும். எப்போதாவது தேவைப்படுவதை "அழுத்தும்போது மட்டும்" என்று மாற்றி வைக்கலாம். குரோமில் ஒவ்வோர் எக்ஸ்டென்ஷனின் விவரங்களிலும் தள அணுகல் என்ற இடத்தில் இருக்கும். நூலகப்பூனை சொன்ன புக்மார்க்லெட்டுக்கு இதனால்தான் என் ஓட்டு.

யுபிளாக் குரோமில் வேலை செய்யவில்லை என்று கேட்பவர்களுக்கு: மேனிஃபெஸ்ட் வி3 என்ற, எக்ஸ்டென்ஷன்களுக்கான புதிய விதிமுறை மாற்றத்தால் முழுப் பதிப்புக்குக் குரோம் ஆதரவை நிறுத்திவிட்டது. அங்கே லைட் பதிப்புதான். பயர்பாக்ஸில் முழுப் பதிப்பு இன்னும் ஓடுகிறது.

#13 புதுமழை

ஆறாம்விரல், நன்றி. வைஃபையை அணைத்துச் சோதித்தேன். முதல் பக்கத்தில் வந்த தளம் அப்படியே சுற்றிக்கொண்டு நின்றது, மூடிவிட்டேன். பிடிஎஃப்24 நிறுவிக்கொண்டேன்.

இன்னொரு சந்தேகம். நம் பாஸ்வேர்டு கசிந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு தளம் இருப்பதாகச் சொல்கிறார்கள். பாஸ்வேர்டைப் போய் இன்னொரு தளத்தில் தட்டுவதா? அதுவே முட்டாள்தனம் இல்லையா?

#14 ஆறாம்விரல்

பொதுவாக முட்டாள்தனம்தான். நீங்கள் சொல்லும் ஹாவ் ஐ பீன் போன்ட் மட்டும் விதிவிலக்கு, அதன் உள்வேலை அழகானது. டிராய் ஹன்ட் என்ற ஆஸ்திரேலியப் பாதுகாப்பு வல்லுநர் 2013-இல் தொடங்கியது.

நீங்கள் தட்டும் பாஸ்வேர்டு அப்படியே போவதில்லை. உங்கள் பிரவுசரே அதை ஷா-1 என்ற முறையில் 40 குறிகள் கொண்ட ஒரு கோவையாக மாற்றுகிறது. அதில் முதல் 5 குறிகள் மட்டுமே சர்வருக்குப் போகும். அந்த ஐந்தில் தொடங்கும் கசிந்த கோவைகள் நூற்றுக்கணக்கில் இருக்கும், அத்தனையின் மிச்ச 35 குறிகளையும் சர்வர் திருப்பி அனுப்பும். உங்களுடையது அதில் இருக்கிறதா என்று பிரவுசர் தன் பக்கத்திலேயே ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளும். நீங்கள் தேடியது எது, கிடைத்ததா இல்லையா, இரண்டுமே சர்வருக்குத் தெரியாது. நல்ல பாஸ்வேர்டு மேலாளர்கள் பலவும் உள்ளுக்குள் இதையேதான் கேட்கின்றன, அதனால் மேலாளர் வைத்திருந்தால் நீங்கள் தளத்துக்குப் போகவே வேண்டாம். மின்னஞ்சல் முகவரியைத் தேடும் பகுதி வேறு, அங்கே முகவரி அப்படியே போகும்.

#15 நூலகப்பூனை

கசிவு, தீநிரல் என்று இழை இருண்டுகொண்டே போகிறது. ஒரு சின்ன இடைவேளை: லிசன் டு விக்கிப்பீடியா. விக்கிப்பீடியாவில் யார் திருத்தம் செய்தாலும் ஓர் ஒலி. எழுத்துச் சேர்த்தால் மணி, நீக்கினால் நரம்பை மீட்டும் ஓசை. பெரிய திருத்தம் என்றால் தாழ்ந்த சுருதி. 2013 முதல் ஓடிக்கொண்டிருக்கிறது. திருத்தப்படும் கட்டுரையின் பெயர் வட்டத்துக்குள் மிதந்து வரும், அழுத்தினால் கட்டுரை திறக்கும். தும்பி கேட்ட "இருப்பதே தெரியாத" விஷயங்கள் எனக்கு அங்கிருந்துதான் வருகின்றன.

#16 பழையமோடம்

அப்படியானால் நானும் ஒன்று. முழு எண் வரிசைகளின் கலைக்களஞ்சியம், சுருக்கமாக ஓஇஐஎஸ். நீல் ஸ்லோன் 1964-இல் மாணவராக இருந்தபோது சேகரிக்கத் தொடங்கியது, 1996-இல் இணையத்துக்கு வந்தது, இன்று மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வரிசைகள். 1, 2, 4, 8, 16 என்று எழுதி அடுத்தது என்ன என்று கேட்டால் யாரும் 32 என்பார்கள். அங்கே 1, 2, 4, 8, 16, 31 என்று தட்டிப் பாருங்கள். வட்டத்தின் மேல் புள்ளிகள் வைத்து ஒன்றோடொன்று கோடு போட்டு இணைத்தால் அதிகபட்சம் எத்தனை துண்டு விழும் என்ற வரிசை. ஆறாவது புள்ளியில் 31தான் வரும். நுழைவுத் தேர்வில் "அடுத்த எண் என்ன" என்று கேட்பவர்கள் மேல் மரியாதை போய்விடும்.

#17 தும்பி

பேச்சு சூடாக இருப்பதால் விதியைக் கொஞ்சம் தளர்த்திவிட்டேன், கண்டுகொள்ளவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். பிறகு படிக்கலாம் என்று கட்டுரைகளைச் சேர்த்து வைக்கும் பாக்கெட் சேவையை மொசில்லா 2025 ஜூலை 8-இல் மூடிவிட்டது. பல ஆண்டாகச் சேர்த்ததை ஏற்றுமதி செய்து கையில் வைத்திருக்கிறேன். இதைக் கொண்டுபோய் எங்கே கொட்டுவது?

#18 நூலகப்பூனை

எங்கே கொட்டினாலும், அங்கிருந்து வெளியே எடுக்க வழி இருக்கிறதா என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள். பல தளங்களின் புதிய பதிவுகளை ஒரே இடத்தில் காட்டிய கூகுள் ரீடரை 2013 ஜூலை 1-இல் மூடியபோது பலர் பெரிதாக இழக்காமல் தப்பியது ஓபிஎம்எல் என்ற பொதுவான கோப்பு வடிவம் இருந்ததால்தான். சந்தாப் பட்டியலை அப்படியே ஃபீட்லிக்கோ இனோரீடருக்கோ கொண்டுபோக முடிந்தது. இந்த மாதிரி ஆர்எஸ்எஸ் ரீடர் சிலவற்றில் இணைப்புகளைச் சேமிக்கவும் இடம் உண்டு, ஒரே இடத்தில் முடிந்துவிடும்.

#19 குறுக்குவழி

அந்தக் கோப்பை விரிதாளில் திறந்து படிக்கப்போவது எது என்று முதலில் சலித்து எடுங்கள். மிச்சத்துக்கு எந்தச் சேவையும் தேவைப்படாது.

#20 தும்பி

குத்துகிறீர்கள். ஆனால் சரிதான், சலித்துவிட்டு வருகிறேன்.

#21 புதுமழை

கடைசியாக ஒன்று. என்னிடம் பெரும்பாலும் ஃபோன்தான். எக்ஸ்டென்ஷன், புக்மார்க்லெட் எல்லாம் அதில் நடக்குமா?

#22 ஆறாம்விரல்

ஆண்ட்ராய்டு என்றால் பயர்பாக்ஸ் போடுங்கள். 2023 டிசம்பரில் எக்ஸ்டென்ஷன்களைப் பரவலாகத் திறந்துவிட்டார்கள், யுபிளாக் ஆரிஜின் முழுசாக ஓடும். குரோமின் ஆண்ட்ராய்டு செயலியில் எக்ஸ்டென்ஷன் கிடையாது, ஆனால் புக்மார்க்லெட் நடக்கும்: சேமித்த புக்மார்க்கின் பெயரை முகவரிப் பட்டையில் தட்டி, கீழே வரும் பரிந்துரையில் அதைத் தொட வேண்டும். புக்மார்க் மெனுவிலிருந்து திறந்தால் பெரும்பாலும் ஒன்றும் நடக்காது, அதைப் பார்த்து வேலை செய்யவில்லை என்று விட்டுவிடாதீர்கள்.